மானமும் நாணமும் ஒன்றுதானா?

3 பிப்ரவரி 2025: ஒரு வாசகரின் கேள்வி

"மானம், நாணம் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருவன. ஆணுக்கு இருந்தால் மானம், பெண்ணுக்கு இருந்தால் நாணம் என்பதைத் தவிர வேறுபாடு எதுவும் எனக்குப் புலப்படவில்லை. அப்படியிருக்க, வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தது ஏன்? கூறியது கூறல் ஆகாதா?"

3 பிப்ரவரி, இரவு

ஆகாது. மானம் 97ஆம் அதிகாரம். நாணுடைமை 102ஆம் அதிகாரம். இடையில் பெருமை, சான்றாண்மை, பண்புடைமை, நன்றியில் செல்வம் என்று நான்கு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒரே பொருளை இருமுறை சொல்ல நினைத்தவர் இவ்வளவு தள்ளி வைத்திருக்க மாட்டார். ஆண், பெண் என்ற பிரிவும் நிற்காது. அதை விலக்கிவிட்டுத்தான் நாணுடைமையின் முதற்குறளே தொடங்குகிறது:

கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல்
நல்லவர் நாணுப் பிற.

தகாத செயலைச் செய்யக் கூசுவதே தாம் பேசப்போகும் நாண் என்றும், அழகிய நெற்றியையுடைய மகளிரின் நாணம் வேறு வகை என்றும் ஆசிரியர் முதலிலேயே வரம்பு கட்டிவிடுகிறார். ஆகவே நாணுடைமை அதிகாரம் ஆண்களுக்கும் உரியது. சொல்லப்போனால் பதவியில் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக உரியது.

என் புரிதல் இது: நாண் ஒருவன் செய்யும் செயலைப் பற்றியது, மானம் அவன் நிற்கும் நிலையைப் பற்றியது. பரிமேலழகரும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறார். தன் நிலையிலிருந்து ஒருபோதும் தாழாதிருப்பதும், ஊழால் தாழ்வு வந்துவிட்டால் உயிர் வாழாதிருப்பதும் மானம். தமக்கு ஒவ்வாத செயல்களைச் செய்ய நாணுவது நாணுடைமை. "ஊழால்" என்பது முக்கியம். தன் பிழை எதுவும் இல்லாமலேயே ஒருவன் மானம் இழக்க நேரலாம். தன் செயல் எதுவும் இல்லாமல் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

ஐயம் இருந்தால் ஆள் இல்லாத இடத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பேருந்தில் கீழே கிடக்கும் பணப்பையை எடுக்கிறோம், எவரும் பார்க்கவில்லை. மானம் அங்கே வாய் திறக்காது, ஏனெனில் அதற்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. கையைப் பின்னுக்கு இழுப்பது ஏதாவது இருந்தால் அது நாண்.

5 பிப்ரவரி

இரண்டு நாள் யோசித்ததில் தோன்றிய கூடுதல் சான்று. நாண் என்பதிலிருந்து நாணுதல் என்ற வினை இயல்பாகப் பிறக்கிறது: நாணினான், நாணுவாள், நாணார். மானத்துக்கு இன்றைய வழக்கில் அப்படியொரு வினை கிடையாது. அது போகும், பறிபோகும், காற்றில் பறக்கும், கப்பலேறும். அதைக் காக்கலாம், இழக்கலாம், விற்கலாம், வாங்கவும் வாங்கலாம். விருந்தினர் எதிரில் இரண்டாம் முறை பாயசம் கேட்கும் பிள்ளையைத் தாய் கண்ணால் அதட்டி, "என் மானத்தை வாங்காதே" என்கிறாள். பிள்ளை கேட்டது பாயசம். போனது தாயின் மானம். நாணத்தை இப்படி ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்க முடியாது.

வீட்டுக்கும் நகைக்கும் நிலத்துக்கும் நாம் பயன்படுத்தும் வினைகளே மானத்துக்கும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஆகவே அது பலருக்குப் பொதுச் சொத்தாகவும் இருக்கக்கூடும்: குடும்ப மானம், ஊர் மானம், சாதி மானம். குடும்ப நாணம் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

"நாணுடைமை என்று வள்ளுவரே அதை உடைமையாக்கிவிட்டாரே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். அன்புடைமை, பொறையுடைமை, ஊக்கமுடைமை போல அங்கே உடைமை என்பது தன்மையைக் குறிக்கிறது. பத்திரம் எழுதி வாங்கிய உடைமை அன்று. மானம் அதிகாரத்துக்கு உடைமை என்ற ஒட்டுத் தேவைப்படவில்லை என்பதும் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. (வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், அதிகாரப் பெயர்களை வைத்து இதற்கு மேல் நூல் திரிக்க எனக்கு விருப்பமில்லை.)

6 பிப்ரவரி

நாணயம் என்ற சொல் நாணிலிருந்து வந்ததாகவும், நாணுபவனே நாணயமானவன் என்றும் ஒரு விளக்கம் வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையன்று. காசைக் குறிக்கும் நாணகம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது நாணயம். செல்லும் காசு போல வாக்கும் செல்லும் என்ற எண்ணத்தில் நேர்மைக்கும் அச்சொல் ஆகிவந்தது. அதேபோல வெப்பமானி, பெறுமானம் ஆகியவற்றில் உள்ள மானம் அளவைக் குறிப்பது. நாம் பேசும் மானம் வேறொரு வேரிலிருந்து கிளைத்தது. "மானம் என்பது மனிதனின் அளவுகோல்" என்று பட்டிமன்றத்தில் முழங்குபவர்களை இது தடுக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

6 பிப்ரவரி, மாலை

கோவில்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர், தங்கள் ஊர்ப் பேச்சில் மானம் என்றால் முதலில் வானம்தான் என்று நினைவூட்டுகிறார். சரிதான், கரிசல் நிலம் மானம் பார்த்த பூமி. அங்கே மானம் பொய்த்தால் கம்பும் சோளமும் போய்விடும். மற்ற மானம் பறிபோவது அதற்குப் பிறகு, வட்டிக்காரர் வீட்டு வாசலில்.

9 பிப்ரவரி

இனி வலுவான மறுப்பு. புறநானூற்றை நன்கு கற்றவர் ஒருவர், செயலுக்கு நாண், நிலைக்கு மானம் என்ற என் பிரிவு சங்கப் பாட்டில் உடைகிறது என்கிறார். வெண்ணிப் போரில் கரிகாலனை எதிர்த்த பெருஞ்சேரலாதன் மார்பைக் குறித்து எறியப்பட்ட படை முதுகுவரை ஊடுருவிப் புண்ணாக்கிவிட்டது. அவன் புறங்காட்டி ஓடவில்லை. ஆயினும் கழாத்தலையாரின் 65ஆம் பாட்டும் வெண்ணிக் குயத்தியாரின் 66ஆம் பாட்டும் "புறப்புண் நாணி" அவன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான் என்கின்றன. செய்த குற்றம் எதுவுமில்லை, நேர்ந்தது தாழ்வு. என் கணக்குப்படி அது மானம். பாட்டில் இருப்பதோ நாணுதல்.

இதை மழுப்ப நான் விரும்பவில்லை. நாண் என்பது முழுக்க முழுக்க உள்ளேயே நடப்பது என்று கொண்டால் இந்தப் பாட்டுக்குப் பொருள் கிடைக்காது. திருக்குறளிலும் அப்படி இல்லை:

பிறர்பழியும் தம்பழியும் நாணுவார் நாணுக்கு
உறைபதி என்னும் உலகு.

பழி என்பது ஊர் சொல்வது. ஆகவே நாணுக்குள்ளும் ஊரின் கண் இருக்கிறது. ஆனால் அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. நாணுபவன் ஊரைத் தனக்குள்ளேயே குடிவைத்துக்கொண்டு, ஊர் பார்ப்பதற்கு முன் தானே தன்னைப் பார்த்துவிடுகிறான். பிறர் செய்த பழிக்கும் நாணுவது அதனால்தான் இயலுகிறது: பேருந்தில் நடத்துநரை ஒருவன் கீழ்த்தரமாகத் திட்டும்போது, அவனுக்கு எந்த உறவும் இல்லாத நாம் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். நம் மானத்துக்கு அதில் ஒரு குறைவும் நேரவில்லை. கூசுவது நாண்.

சேரலாதனைப் பொறுத்தவரை, மார்பில் பட்டதா முதுகில் பட்டதா என்பதைப் பிணத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள்தாம் கேட்பார்கள். தான் ஓடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். எறிந்த சோழனுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவன் வாளோடு வடக்கிருந்தான் என்றால், நாணும் மானமும் பிரியாமல் ஒன்றாகவே கிடந்த ஒரு மனநிலையை அந்தப் பாட்டுகள் காட்டுகின்றன என்றே கொள்கிறேன். அவற்றைத் தெளிவாகப் பிரித்துத் தனித்தனி அதிகாரம் கொடுத்தது அறநூல் செய்த வேலை. முதற்குறிப்பில் சொன்னதை இந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

10 பிப்ரவரி

சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையை எதிர்பார்த்திருந்தேன், வாசகர் கடிதத்தில் வந்துவிட்டார். மானத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த கதை. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்தவன், "தண்ணீர் தா" என்று கேட்டுப் பெறாமல், பிறகு காலம் தாழ்த்துக் கொடுத்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு இறந்தான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. (பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்றும் ஒரு மரபு உண்டு. இரண்டும் பொருந்துவதில்லை, அந்தச் சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

பாட்டை மெல்லப் படித்தால் ஒன்று தெரியும். பிறந்து இறந்த குழவியானாலும், உருவமில்லாத ஊன்பிண்டமே ஆனாலும், ஆளல்ல என்று விடாமல் வாளால் கீறிப் புதைக்கும் குடியில் பிறந்தவன், நாய்போல் கட்டுண்டு கிடந்து, வயிற்றுத் தீயைத் தணிக்கத் தானே இரந்து உண்ணும் அளவுக்கு வரலாமா என்பது அவன் வினா. கட்டுண்டதைச் சொல்கிறான், ஆனால் கட்டுண்ட அன்றைக்கே அவன் சாகவில்லை. தாகம் வந்தது, வாய் திறந்து கேட்டுவிட்டான், அதன் பிறகுதான் தாங்க முடியாமல் போயிற்று. சிறை அவன் நிலையைத் தாழ்த்தியது. அது மானத்தின் பக்கம். கேட்டது அவன் செய்த செயல். அது நாணின் பக்கம். நாம் மானக்கதை என்று மனப்பாடம் செய்தது பாதி நாணின் கதை.

10 பிப்ரவரி, இரவு

மயிர் நீங்கினால் உயிர்விடும் கவரிமானைப் பற்றிக் கேட்டவருக்கு: இல்லை, கவரிமான் என்று ஒரு மான் கிடையாது. குறளில் இருப்பது கவரிமா. மா என்றால் விலங்கு. புறநானூற்றின் 132ஆம் பாட்டில் நரந்தம்புல் மேய்ந்து சுனைநீர் குடித்து இமயத்தில் தங்கும் கவரி அதுவே: பனிமலைப் பகுதியின் சடை எருமை. "மானம்" என்ற சொல் அருகிலேயே இருந்ததால் மா மானாகிவிட்டது போலும்.

11 பிப்ரவரி

கவரிமாவைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தக் குறளின் கடைசிச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்
உயிர்நீப்பர் மானம் வரின்.

மானம் "போனால்" உயிர் விடுவார்கள் என்றுதான் நாம் சொல்வோம். குறளோ "மானம் வரின்" என்கிறது. மானக்கேடு வரின் என்று விரித்துப் பொருள் சொல்வோர் உண்டு. உயிரை விட்டால்தான் மானம் எய்தும் என்ற நிலை வரின் என்று பரிமேலழகர் கொள்கிறார். இதை அடுத்து வரும் 970ஆம் குறள் "இளிவரின் வாழாத மானம் உடையார்" என்று தொடங்குகிறது. அங்கே வருவது இளி, அதாவது இழிவு. உடையவர்களிடம் ஏற்கெனவே இருப்பது மானம். அடுத்தடுத்த இரண்டு குறள்களில் ஒன்றில் மானம் வருகிறது, மற்றொன்றில் இழிவு வருகிறது. எனக்குப் பரிமேலழகர் உரையே பிடித்திருக்கிறது. வருமுன் காப்பது நாணின் வேலை. மானமோ நெருக்கடி வந்து நிற்கும் நாளில்தான் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது.

15 பிப்ரவரி

"இப்படி உயிரை விடச் சொல்லும் மானம் இன்றைக்கு எதற்கு?" என்று ஓர் இளைஞர் எரிச்சலுடன் எழுதியிருக்கிறார். வள்ளுவர் எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. குடிசெயல்வகை அதிகாரத்தில் அவரே இதைக் கவிழ்த்துப் போடுகிறார்:

குடிசெய்வார்க் கில்லை பருவம் மடிசெய்து
மானங் கருதக் கெடும்.

குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியவன் சோம்பியும் மானம் பார்த்தும் நின்றால் குடி கெட்டுவிடும். இந்தக் குறளை உரையில்லாமல் நான் புரிந்துகொண்டது என் பெரியப்பாவைப் பார்த்துத்தான். விருதுநகர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடை நொடித்துப்போன பின், அதே தெருவில், மிதிவண்டியின் பின்னால் நல்லெண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றார். முன்பு அவர் கடையில் கைகட்டி நின்று கடன் சொன்ன வீடுகளிலும் மணியடித்து நின்றார். பெரியம்மாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "வேறு ஊரிலாவது போய் விற்கக் கூடாதா" என்று அழுதார். "வேறு ஊரில் என்னை யார் நம்புவார்கள்" என்பது அவர் பதில்.

எண்ணெய் ஊற்றும்போது அவர் கையை நான் பார்த்திருக்கிறேன். உழக்கை நிரப்பி, விளிம்பில் வழிவதை விரலால் தகரத்துக்குள் தள்ள மாட்டார். வழிவதும் வாங்குபவர் பாத்திரத்துக்கே போகும். பிறகு உழக்கைச் செம்பின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். எண்ணெய் நூலாக இறங்கி, நூல் அறுந்து, சொட்டாகி, சொட்டும் நின்ற பிறகுதான் கையை எடுப்பார். அவசரமாக இருக்கும் பெண்கள், "போதும் அண்ணாச்சி" என்பார்கள். பாதியில் கையை எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை; ஒரு தெருவுக்குச் சேர்த்துப் பார்த்தால் அரை உழக்கு மிஞ்சும். மானத்தைக் கழற்றி வீட்டில் மாட்டிவிட்டு வந்த மனிதர் நாணை மட்டும் விடவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை விட்டு மற்றொன்றை எப்படி வைத்துக்கொள்ள முடியும்?

15 பிப்ரவரி, பிற்சேர்க்கை

எதிர்ப்பக்கமும் உண்டு. கையூட்டு வாங்கும் ஒருவரிடம், "பிச்சை என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், முகம் சிவந்துவிடும். பிச்சை என்ற சொல் மானத்தில் குத்துகிறது. பணமோ சட்டைப்பையில் சுகமாக இருக்கிறது.

20 பிப்ரவரி

மானநஷ்டம், மானபங்கம் என்ற சொற்களைப் பற்றிச் சட்டத் துறையில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டதற்காக இது. நான் இதழ் ஒன்றில் பல காலம் மெய்ப்புத் திருத்தியவன். நீதிமன்றச் செய்திகள் என் மேசை வழியாகத்தான் போகும். அவதூறு வழக்கை அன்று மானநஷ்ட வழக்கு என்றே எழுதுவோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. பிறர் மதிப்பில் ஒருவரைத் தாழ்த்துவதே அங்கே குற்றம். மானம் பிறருடைய மதிப்பில் இருக்கிறது என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டு, அதற்கு நஷ்டம் என்ற சொல்லையும் சேர்த்து உரிமையியல் வழக்கில் ரூபாயில் கணக்கிடவும் வழி செய்கிறது. அந்தப் பெயர் பொருத்தமானதே.

பொருந்தாதது மானபங்கம். பழைய 354ஆம் பிரிவு, இப்போது 74ஆம் பிரிவு. ஆங்கிலச் சட்டவாசகம் பேசுவது பெண்ணின் அடக்கத்தை, கூச்சத்தைப் பற்றி. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதை மானமாக்கின. அதன் விளைவைப் பாருங்கள். மானம் என்பது இழக்கக்கூடிய உடைமை என்று மேலே சொன்னேன். ஒருவன் ஒரு பெண்ணைத் தாக்குகிறான், நாணவேண்டியவன் அவன், ஆனால் "மானபங்கம்" என்று எழுதிய உடனே இழப்பு அவள் கணக்கில் ஏறிவிடுகிறது. அவள் எதையோ பறிகொடுத்தவளாகிறாள், அவளோடு அவள் வீட்டாரும் பறிகொடுத்தவர்களாகிறார்கள், அதை மறைக்கவேண்டிய பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. செய்தவனைப் பற்றி அந்தச் சொல்லில் ஒரு எழுத்தும் இல்லை. இன்று பாலியல் துன்புறுத்தல், பாலியல் வன்கொடுமை என்று ஏடுகள் எழுதுவது எனக்கு நிறைவளிக்கிறது. குற்றத்தின் பெயர் குற்றவாளியின் செயலைச் சொல்கிறது.

21 பிப்ரவரி

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. கௌரவக் கொலை என்று எழுதிவந்ததை விட்டு ஆணவக் கொலை என்று எழுதத் தொடங்கியதும் இதே வகை மாற்றம். மகள் வேற்றுச் சாதிக்காரனை மணந்துகொண்டாள் என்பதற்காக அவளைக் கொல்பவன் "என் மானம் போயிற்று" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அச்சம் தருவது. அவனுடைய தெருவில் அவனுடைய மானம் உண்மையிலேயே அவளுடைய திருமணத்தில் கட்டப்பட்டிருந்தது. பெற்ற பிள்ளையைக் கொல்லக் கை கூசவில்லை. தெருவில் தலைகுனியக் கூசுகிறது. வள்ளுவரிடம் இதற்குப் பெயர் உண்டு. குற்றங்கடிதலில், அரசனுக்குக் கேடு தருவன என்று மூன்றை எண்ணும்போது "மாண்பிறந்த மானமும்" என்கிறார். மாட்சிமையைக் கடந்துபோன மானம். மானம் கெட்டுப்போகக்கூடிய பண்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாண்பிறந்த நாண் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

21 பிப்ரவரி, இரவு

"அப்படியானால் மானம் என்பதே வேண்டாதது என்கிறீர்களா?" இல்லை. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தை மறந்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேச முடியாது. "மானமும் அறிவும் மனிதர்க்கு அழகு" என்பது பெரியாரின் பெயரோடு ஊர்ச் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்ட தொடர். குறளில் மானம் குடிமை என்ற அதிகாரத்தை அடுத்து வருகிறது. பிறப்பால் உயர்ந்த குடியின் நிலையைக் காப்பது என்ற நிறம் அதில் உண்டு. அதைக் குடியிலிருந்து பிடுங்கி மனிதனுக்குக் கொடுத்தது அந்த இயக்கம். தோளில் துண்டு போடவும் காலில் செருப்பு அணிந்து நடக்கவும் அனுமதி மறுக்கப்பட்ட ஒருவரிடம் போய், "நாணே போதும், மானம் கெட்டுப்போகும் பண்டம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாண் தன் நடத்தையைத் திருத்தும். பிறர் தன்னை நடத்தும் முறையை எதிர்த்து நிற்கச் செய்வது மானம்.

2 மார்ச்

நாணத்தை மணமேடைக்கு அனுப்பிவிட்டோம் என்பது என் நெடுநாள் குறை. அண்மையில் ஒரு திருமண வரவேற்பில் புகைப்படக்காரர் மணப்பெண்ணிடம், "கொஞ்சம் வெட்கப்படுங்க மேடம், தலையைக் குனிஞ்சு, அப்படியே கண்ணை மட்டும் தூக்குங்க" என்றார். அந்தப் பெண் மென்பொருள் நிறுவனத்தில் முப்பது பேரை மேய்ப்பவர். சொன்னபடி குனிந்தார், தூக்கினார், படம் எடுத்து முடித்ததும், "சரியா வந்துச்சா?" என்று கேட்டார். எனக்கு நாணுடைமையின் கடைசிக் குறள் நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.

நாண் என்றால் கயிறும்தான். வில்லின் நாண், இடுப்பில் கட்டும் அரைஞாண். உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவது, கயிற்று நாணால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பு. இருபொருளையும் ஒரே சொல்லில் கோத்துப் பத்துக் குறளை முடித்திருக்கிறார். பாவம் அந்தப் பெண். குறள் அவரைச் சொல்லவில்லை. கயிறு புகைப்படக்காரர் கையில் இருந்தது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

3 மார்ச்

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு ஆகிய நான்கும் பெண்ணுக்கென்று தொல்காப்பியம் சொல்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தொல்காப்பியம் "அச்சமும் நாணும் மடனும்" என்று மூன்றைத்தான் சொல்கிறது. பயிர்ப்பு பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. பாரதி, "நாணும் அச்சமும் நாய்கட்கு வேண்டுமாம்" என்று தூக்கியெறிந்தது இந்தப் பட்டியலில் உள்ள நாணை. வள்ளுவர் "பிற" என்று ஒதுக்கியதும் அதுவே. ஆகவே பாரதியை வள்ளுவருக்கு எதிராக நிறுத்தவேண்டிய தேவை இல்லை.

ஆனாலும் ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது. நாணம் என்று சொன்னவுடன் சிவந்த கன்னமும் கால்விரலால் கோலமிடுவதும் நினைவுக்கு வருவதால், செயலுக்குக் கூசும் அந்த முதல் நாணைச் சொல்ல நம் பேச்சில் தனிச்சொல் இல்லாமல் போயிற்று. வெட்கம் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. "இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்" என்றால் பழிக்கு. "பொண்ணு வெட்கப்படுது" என்றால் கூச்சத்துக்கு. "வெட்கக்கேடு" என்றால் நாட்டு நடப்புக்கு.

9 மார்ச்

நல்வழியில் பசி வந்தால் பறந்துபோகும் பத்து எவை என்று கேட்டவருக்கு: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, காமுறுதல். முதலில் பறப்பது மானம். நாண் பட்டியலில் இல்லை. ஔவையார் வேண்டுமென்றே விட்டார் என்று வாதாட மாட்டேன். வெண்பாவில் இடமும் எதுகையும் பார்க்கவேண்டும். இருந்தாலும் பெரியப்பாவின் உழக்கை நினைத்துக்கொண்டு, விட்டது நல்லதாயிற்று என்று எனக்குள் வைத்துக்கொள்கிறேன்.

16 மார்ச்

குற்றவுணர்வு என்பதும் நாண்தானா என்று கேட்டிருக்கிறார்கள். நெருங்கிய உறவு; ஆனால் வரும் நேரம் வேறு. குற்றவுணர்வு செய்து முடித்த பின் வருகிறது, அதனால் தூக்கம் கெடுகிறது, சில வேளை மன்னிப்பும் கேட்க வைக்கிறது. நாண் பெரும்பாலும் செய்வதற்கு முன் வந்து, செயலையே நடக்கவிடாமல் செய்துவிடுகிறது. "தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்" என்பதில் பின்னால் வருவதும் அடங்கும் என்பதால், கோட்டை மிக அழுத்திப் போட வேண்டாம்.

சூடு, சொரணை பற்றிக் கேட்டவருக்கு: அடிபட்டு மரத்துப்போன காலில் சொரணை இல்லை என்கிறோமே, அதே சொல். சுட்டால் சுட்டதென்று தெரியும் தன்மை. மானத்துக்கும் அது வேண்டும், நாணுக்கும் அது வேண்டும். அதனால்தான் திட்டும்போது எதைக் குறித்துத் திட்டுகிறோம் என்று ஆராயாமலேயே அந்தச் சொல்லை எடுத்துவிட முடிகிறது.